ஐயாவை மண் ஏன் தின்னவில்லை

குழு: தெற்குத் தெரு, பாம்பன்

பெரியத்தை, காலை 5:48
யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நேற்று அம்மாவை அடக்கம் செய்துவிட்டு வந்ததிலிருந்து கண் மூடவில்லை. அம்மாவை வைக்க அப்பா குழியைத்தானே திறந்தோம். 14 வருஷம் ஆகிவிட்டது, எலும்பெல்லாம் அப்படியே கிடந்தது. டீக்கடையில் பேசிக்கொண்டார்களாம், மண் தின்னாத உடம்புக்கு ஏதோ குறை இருக்கிறது என்று. அப்பாவுக்கு நாங்கள் என்ன குறை வைத்தோம்?

சித்தப்பா, 5:55
அக்கா, ஊர் வாய் அது. விடுங்க.

நர்ஸ் அத்தை, 6:20
விடச் சொல்லாதே தம்பி, அவள் கேட்கட்டும். அக்கா, டூட்டி முடிந்து பஸ்ஸில் வருகிறேன், பொறுமையாகச் சொல்கிறேன். அப்பாவை மண் தின்றுவிட்டது. சதை, தோல், நரம்பு எல்லாம் போய்விட்டதே. மிச்சம் இருந்தது எலும்பும் பல்லும்தான். எலும்பில் பெரும்பங்கு சுண்ணாம்புச் சத்து, அது லேசில் போகாது.

நர்ஸ் அத்தை, 6:23
நம் கல்லறையில் ஒரு பிடி மண் அள்ளிப் பார். பாதி சங்கும் சிப்பியும் பவளக் கல்லும் பொடிந்ததுதான். அதுவும் சுண்ணாம்பு. புளிப்பு ஏறிய மண்ணாக இருந்தால் எலும்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடும். நம் மண் கரைக்காது, காப்பாற்றும். கீழடிக்குப் பக்கத்தில் கொந்தகையில் 2020இல் தோண்டியபோது தாழிக்குள் எலும்பு இருந்ததே, 2,000 வருஷத்துக்கு மேல் ஆனது. அவர்களுக்கெல்லாம் குறையா?

தங்கச்சி (காலேஜ்), 6:31
அத்தை, நானும் ஒன்று கேட்கணும். குளிப்பாட்டும்போது அப்பத்தாவைத் திருப்பினோம். முதுகெல்லாம் ஊதா நிறமாக இருந்தது. கட்டிலிலிருந்து இறக்கும்போது எங்கேயாவது இடித்துவிட்டோமா? அதே நினைப்பாக இருக்கிறது.

நர்ஸ் அத்தை, 6:34
இல்லடி கண்ணு. நீங்கள் யாரும் இடிக்கவில்லை. நெஞ்சு நின்றதும் ரத்தம் ஓடாது, தண்ணீர் மாதிரி கீழ்ப்பக்கமாக இறங்கித் தேங்கும். மல்லாக்கப் படுக்க வைத்தோம், அதனால் முதுகில் தேங்கியது. தோள்பட்டையும் இடுப்பும் பாயில் அழுந்திய இடம் மட்டும் வெள்ளையாக இருந்திருக்குமே?

தங்கச்சி (காலேஜ்), 6:35
ஆமாம் அத்தை. இருந்தது.

நர்ஸ் அத்தை, 6:38
அந்த இடத்தில் அழுத்தத்தால் ரத்தம் சேர முடியாது. அடிபட்ட காயம் அப்படி இருக்காது. இனி அதை நினைக்காதே.

நர்ஸ் அத்தை, 6:41
அப்புறம், பெரியக்கா வாய்க்கட்டும் கால்கட்டும் சீக்கிரம் போடச் சொல்லி எல்லாரையும் விரட்டினாள் இல்லையா, அதுவும் சரிதான். உயிர் போனதும் உடம்பு முதலில் தளரும், வாய் திறந்துகொள்ளும். இரண்டு மூன்று மணி நேரத்தில் தாடை விறைக்கத் தொடங்கும், பிறகு கை, கால். தசை இறுகவும் சத்து வேண்டும், தளரவும் வேண்டும். மூச்சு நின்றபின் சத்து வராது, தசை பூட்டிக்கொண்டது மாதிரி நின்றுவிடும். ஒரு நாள், ஒன்றரை நாளில் தானாக விட்டுவிடும். நம் வெயிலுக்கு இன்னும் சீக்கிரம். பழைய ஆட்கள் இதைக் கண்ணால் பார்த்தே பழகியிருக்கிறார்கள்.

கடைக்கார மாமா, 6:50
நர்ஸ் தங்கச்சி, எங்கள் முஸ்லிம் வீடுகளில் மையத்தை, அதாவது இறந்தவர் உடம்பை, அன்றைக்கே அடக்க வேண்டும் என்று அவசரப்படுவதும் இதனால்தானா?

நர்ஸ் அத்தை, 6:54
மார்க்கத்தின் காரணம் உங்களுக்குத்தான் தெரியும் அண்ணே. உடம்பைப் பொறுத்தவரை நல்லதுதான். உயிரோடு இருக்கும்போது குடலில் இருக்கிற கிருமிகள் நமக்கு உதவி செய்கிறவை. அவற்றைக் கட்டுப்படுத்த ஆள் இல்லாமல் போனதும் அவை உடம்பையே கரைக்கத் தொடங்கும். முதலில் வலது அடிவயிற்றில் பச்சை படரும். கோடையில் ஒரு நாளுக்குள்ளேயே தெரியும், பிறகு வயிறு உப்பும். மண்ணுக்குள் போய்விட்டால் ஈ வராது, சூடு குறைவு, காற்றும் குறைவு. எல்லாம் மெதுவாக நடக்கும். வெளியில் 1 வாரத்தில் நடப்பது தண்ணீரில் 2 வாரம், குழியில் 8 வாரம் என்று ஒரு பழைய கணக்கு உண்டு. குத்துமதிப்புதான்.

கடைக்கார மாமா, 6:58
எங்கள் கபர் குழியில் பெட்டி கிடையாது. உடம்பைச் சுற்றிய கஃபன் துணியோடு வலப்பக்கம் ஒருக்களித்து, மேற்கே முகம் வைத்து, மேலே பலகை அடுக்குவோம். பருத்தித் துணிதான்.

நர்ஸ் அத்தை, 7:01
பருத்தி மண்ணாகிவிடும் அண்ணே. பாலியஸ்டர்தான் கிடக்கும்.

சித்தப்பா, 7:05
பள்ளத்துப் பக்கம் ஒரு குழி திறந்தபோது உடம்பு பாதி அப்படியே இருந்ததாம், வெள்ளையாக, சோப்புக்கட்டி மாதிரி. நான் சின்னப்பிள்ளையில் கேட்டது. அது எப்படி?

நர்ஸ் அத்தை, 7:09
அங்கே மழைக்குத் தண்ணீர் ஊறி நிற்கும். காற்றில்லாத ஈரத்தில் உடம்புக் கொழுப்பு மெழுகாக மாறிவிடும், மாறினால் வருஷக்கணக்கில் நிற்கும். நம் குழி மேட்டில் இருக்கிறது, மணலில் தண்ணீர் வடிந்துவிடும். ஒரே கல்லறைக்குள்ளேயே அவ்வளவு வித்தியாசம். இதில் புண்ணியமும் இல்லை பாவமும் இல்லை.

தங்கச்சி (காலேஜ்), 7:12
செத்த பிறகும் நகம் வளரும் என்கிறார்களே?

நர்ஸ் அத்தை, 7:13
வளராது. தோல் காய்ந்து பின்னுக்கு இழுத்துக்கொள்ளும், நகம் நீண்டதாகத் தெரியும். அவ்வளவுதான்.

பெரியத்தை, 7:26
எல்லாம் படித்தேன். மனசு கொஞ்சம் இறங்கியது. இன்னும் ஒன்று. குழியில் ஒரு காலர் கிடந்தது, பார்த்தீர்களா? நீலக் கோடு போட்டது. அந்த டெரிகாட்டன் சட்டை கடைசி கிறிஸ்துமஸுக்கு நான் எடுத்துக் கொடுத்தது. பெட்டிப் பலகையெல்லாம் உளுத்துவிட்டது, அது மட்டும் மக்காமல் இருக்கிறது. குழிவெட்டுகிறவர் மண்ணோடு ஓரமாகத் தள்ளினார். எனக்கு வாய் வரவில்லை.

நான், 7:31
அத்தை, அதை நான் எடுத்துவிட்டேன். ஐயா எலும்பை வெள்ளைத் துணியில் கட்டும்போது, ஜெபமாலை மணிகள் கிடைத்தது வரைக்கும் பொறுக்கி, காலரையும் சேர்த்து வைத்துத்தான் முடிந்தேன். மூட்டை அப்பத்தாவின் கால்மாட்டில் இருக்கிறது.

பெரியத்தை, 7:40
எந்தக் கால் பக்கம்?

நான், 7:41
வலது கால் பக்கம் அத்தை. கடல் பக்கம்.

பெரியத்தை, 7:44
சரி. சாயங்காலம் மெழுகுவர்த்தி ஏற்றப் போகும்போது என்னையும் கூட்டிப் போ தம்பி. காற்று அடிக்கும், சிமினி எடுத்துக்கொள்.