ரூஃப் 'ரூவ்ஸ்' ஆகிவிடுகிறது: எப்படித் திருத்துவது?

காசிமேட்டில் மாலை டியூஷன். ஏழாம் வகுப்பு, தமிழ் மீடியம், 14 பிள்ளைகள். ஆங்கிலப் பன்மையில் ஆறு வாரமாக ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறோம்.

உள்ளே உயிரொலி மாறுகிற சொற்கள் சரியாகிவிட்டன. ஃபுட்–ஃபீட், டூத்–டீத், கூஸ்–கீஸ் என்று ஜோடியாகச் சத்தம்போட்டுச் சொல்லவைத்ததும் பிடித்துக்கொண்டார்கள். 'சில்ரன்ஸ்' மட்டும் அவ்வப்போது வரும். எல்லாவற்றுக்கும் 'கள்' போட்ட பழக்கம். 'ஃபிஷ்' இங்கே சிக்கலே இல்லை: பத்து வஞ்சிரம் என்றாலும் ஃபிஷ்தான், வஞ்சிரம், சங்கரா, நெத்திலி என வகைகளைச் சொல்லும்போது ஃபிஷஸும் வரலாம் என்றதும் புரிந்துகொண்டார்கள்.

உதைப்பது 'எஃப்' ஒலியில் முடியும் சொற்கள். நைஃப்–நைவ்ஸ், லீஃப்–லீவ்ஸ் படித்த மறுநாளே ரூஃப் 'ரூவ்ஸ்' ஆகிறது, சீஃப் 'சீவ்ஸ்' ஆகிறது. ஸ்கார்ஃப் இரண்டு விதமாகவும் வரும் என்பதை இன்னும் சொல்லவே இல்லை. அட்டை விளையாட்டு, சுவரில் இரண்டு பட்டியல், தினம் 5 சொல் டிக்டேஷன் எல்லாம் செய்தாயிற்று. டிக்டேஷனில் சரியாக எழுதுகிறார்கள். சொந்தமாக வாக்கியம் எழுதச் சொன்னால் மறுபடி தப்பு.

வகுப்பில் சொல்லித்தந்து பலன் கண்டவர்கள் சொல்லுங்கள்: 'வ்ஸ்' ஆக மாறுபவற்றை முழுதாக முடித்துவிட்டு ரூஃப்ஸுக்குப் போவதா, இரண்டையும் முதல் நாளிலிருந்தே கலந்து தருவதா?