‘துறை’ என்று சொல்லலாமா? இசைக்கலைஞர் வாழ்க்கைப் படங்களுக்கு ஒரு கலைச்சொல்

குழுவினருக்கு வணக்கம்.

போன கிழமை நான் கேட்ட கேள்விக்கு இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. எல்லா மடல்களையும் இரண்டு தரம் வாசித்தேன். புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக, கேள்வி பிறந்த கதையை ஒருமுறை சொல்லிவிடுகிறேன்.

திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டு விறாந்தையில் சனிக்கிழமை மாலைகளில் உயர்தர வகுப்புப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் கூடிப் படம் பார்ப்போம். நாடகமும் அரங்கியலும் படிக்கிற பிள்ளைகள். ஒரு கிழமை அமெரிக்கப் பாடகர் ரே சார்ள்ஸின் வாழ்க்கையைச் சொல்லும் ‘ரே’ (2004), அடுத்த கிழமை இன்னொரு அமெரிக்கப் பாடகர் ஜோனி காஷைப் பற்றிய ‘வோக் த லைன்’ (2005). இரண்டாவது படம் தொடங்கிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். ஒரு பிள்ளை கேட்டாள்: “ரீச்சர், போன கிழமை தம்பி செத்தான், இந்தக் கிழமை அண்ணன். இனிப் போதைமருந்து, அப்புறம் ஒரு பெரிய மேடை, அப்படித்தானே?” படமும் அப்படித்தான் போனது. “இதுக்குத் தமிழில என்ன பேர்?” என்றாள். என்னிடம் பதில் இல்லாததால் உங்களிடம் வந்தேன்.

அதிகம் பேர் முன்மொழிந்த சொல் ‘தேய்வழக்கு’. கிளிஷேக்கு அதைவிட நல்ல சொல் எனக்குத் தெரியாது, நானே எழுதுகிற சொல்தான். ஆனால் அது பெயர் வைக்கும்போதே தீர்ப்பும் சொல்லிவிடுகிறது. இங்கேதான் எனக்குத் தடுக்கிறது. ரே சார்ள்ஸுக்கு ஐந்து வயதளவில் அவருடைய தம்பி ஜோர்ஜ் சலவைத் தொட்டிக்குள் மூழ்கி இறந்தது உண்மை. ஜோனி காஷின் அண்ணன் ஜாக் 1944இல் மரம் அரியும் இயந்திரத்தில் சிக்கி இறந்ததும் உண்மை. இரண்டு வீட்டிலும் விழுந்த சாவு அது. அதைத் தேய்ந்தது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தேய்ந்திருப்பது அந்தச் சாவுக்குப் படம் கொடுக்கிற வேலை: பாட்டு, குடி, குற்ற உணர்ச்சி எல்லாவற்றுக்கும் வேர் அதுவே என்று அந்த ஒரு நாளைக் காட்டிவிடுவது. ஆகவே முதலில் குற்றம் சாட்டாத ஒரு சொல் வேண்டும். நன்றாகச் செய்ததா, கெட்டதா என்பதைப் பிறகு பேசலாம்.

‘சூத்திரம்’ வேண்டாம். எங்கள் பிள்ளைகளுக்கு அது இரசாயனப் பாடத்துச் சொல்.

‘வாய்பாடு’ எனக்குப் பிடித்திருக்கிறது, ஆனால் வேறு இடத்துக்கு. தேமா, புளிமா என்கிற வாய்பாடு பாட்டு அல்ல, பாட்டின் அளவு. அதுபோல, இளமையில் இழப்பு, கண்டெடுக்கப்படுதல், புகழ், வீழ்ச்சி, மீட்சி என்று வரும் முழு வரிசையையும் வாய்பாடு என்றே சொல்லலாம். என் மாணவி கேட்டது வரிசையில் உள்ள ஒவ்வொரு கட்டத்துக்குமான பெயர்.

மட்டக்களப்பிலிருந்து எழுதிய ஐயா கூத்தில் உள்ள ‘வரவு’ என்ற சொல்லை நினைவூட்டியிருந்தார். அந்த மடல்தான் என்னைச் சரியான திசைக்குத் திருப்பியது. எந்தக் கூத்தானாலும் அரசன் வந்தால் அவனுக்கு வரவு உண்டு, சபையோரும் அதைக் காத்திருந்து பார்ப்பார்கள். பழகிய கட்டம் என்பதால் யாரும் அலுத்துக்கொள்வதில்லை. ஆனால் வரவு பாத்திரம் அரங்கில் புகும் இடத்துக்கு மட்டுமே உரிய சொல், அதை விரித்தால் கூத்துக்காரருக்குக் குழப்பம் வரும்.

என் முன்மொழிவு ‘துறை’.

புறநானூற்றுப் பாட்டின் அடியில் திணையும் துறையும் போட்டிருப்பதைப் பள்ளியிலேயே பார்த்திருப்போம். பாரி இறந்தபின் அவன் மகளிர் பாடிய ‘அற்றைத் திங்கள்’ பாட்டுக்குத் துறை கையறுநிலை. அதே கையறுநிலையில் இன்னும் எத்தனையோ பாட்டுகள் உள்ளன. தலைவன் இறந்தான், பாடுகிறவர் செயலற்று நிற்கிறார், இதுதான் கட்டம். அதனால் யாராவது பாரி மகளிர் பாட்டைத் தேய்ந்தது என்றார்களா? துறை பொது, பாட்டு அவரவருடையது. கிண்ணியாவுக்கு 2009இல் பாலம் வருமுன் ‘பாதை’ என்கிற கடவைப் படகில் கடந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சாவீட்டுக்குப் போகிறவரும் கல்யாணத்துக்குப் போகிறவரும் அதே துறையடியில்தான் வந்து நிற்பார்கள்.

இன்னும் ஒன்று. இசைக்கலைஞர் வாழ்க்கையைத் துறை வகுத்துப் பாடுவது நமக்குப் புதிதே அல்ல. பத்துப்பாட்டில் ஐந்து ஆற்றுப்படைகள். திருமுருகாற்றுப்படையை விட்டால் மற்ற நான்கும் பொருநர், பாணர், கூத்தர் என்று கலை பாடிப் பிழைத்தவர்களைப் பற்றியவை. வறுமை, வழி, வள்ளல், பரிசில் என்று கட்டங்கள் முன்பே தெரிந்தவை. ஆனால் சிறுபாணாற்றுப்படையின் வறுமைக் கட்டத்தை எடுத்துப் பாருங்கள். புதிதாக ஈன்ற நாய், கண் திறவாத குட்டிகள் பாலில்லாத முலையை இழுப்பதைத் தாங்கமுடியாமல் குரைக்கிறது. அடுக்களையில் காளான் பூத்திருக்கிறது. பாணன் வீட்டுப் பெண் குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி, உப்பில்லாமல் அவித்து, பிறர் கண்ணில் படக் கூசிக் கதவை அடைத்துவிட்டுச் சுற்றத்தோடு உண்கிறாள். வறுமைத் துறையில் எத்தனையோ பேர் பாடியிருப்பார்கள். அந்த அடைத்த கதவு நல்லூர் நத்தத்தனார் ஒருவருடையது. வகுப்பில் இதை வாசித்தபோது பிள்ளைகள் கொஞ்ச நேரம் பேசவில்லை. ஒரு வாழ்க்கைப் படத்திடம் நான் எதிர்பார்ப்பது அந்தக் கதவைத்தான்.

சரி, துறைகளுக்குப் பெயர். தொழிற்பெயராகவே வைத்துப் பார்த்தேன்.

‘மேடைமுன் நினைதல்’: கலைஞர் மேடைக்குப் போகுமுன் தனியே நிற்கிறார், படம் அங்கிருந்து இளமைக்குத் திரும்புகிறது. ‘வோக் த லைன்’ இப்படித்தான் தொடங்குகிறது. 1968, பொல்சம் சிறைச்சாலை. வெளியே கைதிகள் தரையை மிதித்து ஒலி எழுப்புகிறார்கள், காஷ் சிறைப் பட்டறையில் அறுவை வாளைத் தொட்டுக்கொண்டு நிற்கிறார். அண்ணனைக் கொன்ற பொருளையே கையில் கொடுத்ததால் அந்த இடம் எனக்கு இன்னும் பிடிக்கும். இந்தத் துறை எவ்வளவு பழகிவிட்டதென்றால், 2007இல் வந்த ‘வோக் ஹார்ட்’ என்ற நையாண்டிப் படம் இதிலிருந்தே தொடங்கியது.

‘உடன்பிறப்பு இழத்தல்’, ‘மேடை மீளல்’ இரண்டும் பெயரிலேயே விளங்கும். ‘பாட்டு வாய்த்தல்’ என்பது, சண்டைக்கு நடுவிலோ தற்செயலாக விரல் பட்டதிலோ புகழ்பெற்ற பாட்டு முழுதாகப் பிறந்துவிடும் கட்டம். ஒரு மெட்டுக்காக மாதக்கணக்காக இருந்து உழைத்தவர்களை இந்தத் துறை அதிகம் வஞ்சிக்கிறது என்பது என் எண்ணம்.

இனி இரண்டாவது சொல். துறைக்காக உண்மையை நகர்த்துவதற்கும் ஒரு பெயர் வேண்டும். குயீன் என்ற ஆங்கிலேய ரொக் இசைக்குழுவைப் பற்றிய 2018ஆம் ஆண்டுப் படத்தில், பிரிந்திருந்த குழு 1985 யூலை 13 இலண்டன் வெம்ப்ளி அரங்கின் மேடைக்காக மறுபடி சேர்கிறது. அதற்கு முன் குழுவின் பாடகர் பிரெடி மேர்க்குரி தமக்கு எய்ட்ஸ் என்று தோழர்களிடம் சொல்கிறார். உண்மையில் குழு பிரிந்திருக்கவில்லை. 1984இல் இசைத்தொகுப்பு வெளியிட்டு, 1985 மே வரை சுற்றுப்பயணமும் போயிருந்தது. நோய் தெரியவந்தது 1987இல் என்று அவருடைய துணைவர் ஜிம் ஹட்டன் எழுதியிருக்கிறார். ‘ரே’ படத்திலும் ஜோர்ஜியா மாநிலம் அவருக்கு விதித்த வாழ்நாள் தடையை 1979இல் நீக்குவதாக வருகிறது. அப்படியொரு தடை இருந்ததில்லை. 1961இல் இனம் பிரித்து உட்காரவைக்கும் நிகழ்ச்சியில் பாட மறுத்தார், ஒழுங்குசெய்தவர் வழக்குப் போட்டார், ரே சார்ள்ஸ் நட்டஈடு கட்டினார். 1979இல் அவர் பாடிப் புகழ்பெற்ற பாட்டு மாநிலப் பாடலானது. இவை இரண்டும் போதாதென்று மேடை மீளலுக்காக ஒரு தடையைச் செய்திருக்கிறார்கள். அந்த மறுப்பின் துணிச்சலே இதனால் மங்கிப்போகிறது, அதுதான் எனக்கு மிகவும் வருத்தம்.

நிலாவெளியில் கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். வலை கடலில் எவ்வளவு அகலமாக விரிந்தாலும் இரண்டு கயிற்றையும் இழுத்து மடியை ஒரே இடத்தில்தான் கரையேற்றுவார்கள். இந்த வேலைக்கு ‘துறையிழுப்பு’ என்று பெயர் வைக்கலாமா? “1985 மேடைக்காக 1987 துறையிழுப்புச் செய்யப்பட்டிருக்கிறது” என்று எழுதிப் பார்த்தேன். நிற்கிறது.

துறைக்குள் அடங்காத வாழ்க்கைகளைச் சொல்லவும் இந்தச் சொல் உதவும். தமிழ்ப் படங்களில் பாடி நடித்த தியாகராஜ பாகவதரை நினையுங்கள். 1944 தீபாவளிக்கு ‘ஹரிதாஸ்’, அந்த ஆண்டு முடிவதற்குள் கொலை வழக்கில் கைது, 1947இல் விடுதலை. பழைய புகழ் திரும்பவில்லை, 1959இல் 49 வயதில் இறந்தார். மேடை மீளல் இல்லாத வாழ்க்கை. அவர் கதையைப் படமாக்குகிறவர் அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளை என்ன செய்வார் என்பதுதான் என் கேள்வி.

சென்னை நண்பரின் தடை: ‘துறை’ என்றால் அங்கே அரசாங்க இலாகா. இங்கே அதற்குத் திணைக்களம் என்போம், ஆகவே எங்களுக்கு அந்த இடர் குறைவு. உங்கள் பக்கத்தில் ‘கதைத்துறை’ என்று சேர்த்தால் கதை இலாகா ஆகிவிடும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். அதனால் சேர்க்க வேண்டாம். “இப்படத்தில் பாட்டு வாய்த்தல் துறை இல்லை” என்று பெயரோடு வரும்போது யாருக்கும் இலாகா நினைவு வராது.

‘வாய்த்தல்’ மட்டும் எனக்கு இன்னும் சரியாகப் படவில்லை. வாய்த்தது என்றால் பாட்டு உண்மையிலேயே தானாகக் கிடைத்ததாக ஆகிவிடுகிறது. நான் சொல்ல வந்தது, அப்படிக் கிடைத்ததாகப் படம் காட்டுவதை. வேறு சொல் தோன்றினால் சனிக்கிழமைக்கு முன் எழுதுங்கள், பிள்ளைகளிடம் சொல்லிவிடலாம்.