சாளை, மாங்காய், பனையோலைப் பட்டை

நெல்லைக்காரி:

போன மே மாதம் கல்லூரித் தோழிகள் ஆறு பேர் மணப்பாட்டில் வீடு எடுத்து மூன்று நாள் தங்கினோம். திருச்செந்தூரிலிருந்து தெற்கே, குலசேகரன்பட்டினம் தாண்டி வருகிற ஊர். மணல்மேட்டின் உச்சியில் 1581இல் கட்டிய திருச்சிலுவைக் கோயில், கீழே கடல், இன்னொரு பக்கம் உப்பங்கழி. பார்க்க வேண்டியதை முதல் மாலையே பார்த்துவிட்டோம். மீதி நேரமெல்லாம் அடுப்படியில்தான் போனது. அதை எழுதத்தான் வந்தேன்.

முதல் நாள் நெய்மீன் வறுவல் என்று ஊரிலேயே முடிவு செய்து மசாலாவும் அரைத்துக்கொண்டு போயிருந்தோம். காலையில் கரைக்குப் போனால் பெரிய மீனே கண்ணில் படவில்லை. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. மீன் இனப்பெருக்கம் செய்கிற காலம். நாட்டுப்படகுகள் மட்டும் போய்வருகின்றன. அன்றைக்கு வந்தது சாளையும், கொஞ்சம் முரலும், நண்டும். நெய்மீன் ஒன்றிரண்டு வந்தது, அதையும் வியாபாரிகள் ஏலத்தில் எடுத்துவிட்டார்கள். கோடை விடுமுறைக்குக் கடற்கரைக்குப் போகிறவர்கள் எல்லாரும் சரியாக இந்தத் தடைக்காலத்தில்தான் போகிறோம். இது தெரிந்து போனால் ஏமாற்றம் இருக்காது.

சரி, சாளையை வாங்குவோம் என்று இரண்டு கிலோ வாங்கினோம். வீட்டுக்கு வந்த பிறகுதான் எங்கள் ஆறு பேரில் ஒருத்திக்கும் சாளையை ஆய்ந்து பழக்கமில்லை என்பது தெரிந்தது. பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் பொறுக்க முடியாமல் வந்து உட்கார்ந்துவிட்டார். "செதில உரசிட்டு, தலையக் கிள்ளி இழுத்தா குடலும் சேந்து வந்துரும். இதுக்குப் போயி கத்தியத் தேடுதியளே" என்றார். பிறகு கல் உப்புப் போட்டு மூன்று முறை கழுவச் சொன்னார்.

குழம்பையும் அவரே முன்னின்று வைக்கச் சொன்னார். தேங்காய், சீரகம், சின்ன வெங்காயம் அரைத்தோம். மல்லித்தூள், மிளகாய்த்தூள், மஞ்சள், புளிக்கரைசல். நாங்கள் கொண்டுபோன வறுவல் மசாலாவை முகர்ந்து பார்த்து அப்படியே ஓரமாக வைத்துவிட்டார். மே மாதம் என்பதால் மாங்காய் எங்கே பார்த்தாலும் கிடைத்தது. மாங்காய் போடுவதால் புளியைப் பாதியாகக் குறைக்கச் சொன்னார். பச்சை வாடை போகக் குழம்பு கொதித்த பிறகுதான் மீன். போட்டதும் நான் கரண்டியை எடுத்தேன், கையைப் பிடித்துக்கொண்டார். சட்டியின் இரண்டு பக்கமும் துணி வைத்துத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றி வைத்தார், அவ்வளவுதான். தாளிப்பு இல்லை. இறக்கிய பிறகு பச்சைத் தேங்காய் எண்ணெயும் கறிவேப்பிலையும் மட்டும். எங்கள் வீட்டில் இத்தனை வருடம் மீன் உடைந்து முள்ளும் சதையுமாகக் குழம்பில் மிதந்ததற்குக் காரணம் கரண்டிதான் என்பது அன்றுதான் புரிந்தது.

மீன் சாப்பிடாத தோழி ஒருத்திக்குச் சாம்பார் வைத்தோம். குக்கர் பத்து விசில் அடித்தும் பருப்பு கல்லு மாதிரியே கிடந்தது. பருப்புதான் பழசு என்று நினைத்துக் கடைக்குப் போய் வேறு வாங்கி வந்தோம், அதுவும் வேகவில்லை. "கெணத்துத் தண்ணியில பருப்பு எங்க வேவும்?" என்று அதே அக்காதான் சொன்னார். கடலோரக் கிணறு, சுண்ணாம்புச் சத்து அதிகமுள்ள கடினத் தண்ணீர். அதில் பருப்பு மசியாது. கேன் தண்ணீர் ஊற்றியதும் நாலு விசிலில் வெந்துவிட்டது. கடற்கரை வீட்டில் சமைக்கிறவர்கள் குடிக்க மட்டுமல்ல, பருப்புக்கும் நல்ல தண்ணீர் கணக்குப் பண்ணிக்கொள்ளுங்கள்.

அப்புறம் பதநீர். உடன்குடி பக்கத்தில்தான் இருக்கிறது. 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய கருப்பட்டி அங்கே காய்ச்சுவதுதான். வெயில் ஏறுவதற்குள் சைக்கிளில் பதநீர் வந்துவிடும். புளிக்காமல் இருக்கக் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருப்பார்கள். நாங்கள் எவர்சில்வர் டம்ளர் கொண்டு போனோம். அந்தப் பெரியவர் அதை வாங்கவே இல்லை. பச்சைப் பனையோலையை மடித்துப் பட்டை பிடித்து, நுங்கைச் சீவிப் போட்டு ஊற்றிக் கொடுத்தார். ஓலை வாசமும் சேர்ந்ததுதான் பதநீர். டம்ளரில் குடித்துவிட்டுத் திரும்பியிருந்தால் அதில் பாதி ருசிதான் கிடைத்திருக்கும்.

கடற்கரைக்குப் போய்ச் சமைத்த உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.


சென்னைக்காரன்:

எங்களுக்கு நடந்தது மகிழ்ச்சியான கதை இல்லை, ஆனால் எல்லாருக்கும் தெரிய வேண்டும். நண்பர்கள் ஐந்து பேர், கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு வீடு. விடியற்காலை சூரை மீன் வாங்கி, ஐஸ் இல்லாமல் பையில் கட்டிக் காரின் பின்பக்கம் போட்டோம். வழியில் டிபன், அப்புறம் ஒரு குளியல். சமைக்கும்போது மணி ஒன்று. மீனில் கெட்ட வாடையே இல்லை, நன்றாகத்தான் வெந்தது.

சாப்பிட்டு அரை மணி நேரத்தில் மூன்று பேருக்கு முகமும் கழுத்தும் சிவந்து, தலைவலி, நெஞ்சுப் படபடப்பு. எனக்கு வாயெல்லாம் மிளகு கடித்தது போல எரிச்சல். மீன் ஒவ்வாமை என்று நினைத்து ஓடினோம். மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே "என்ன மீன், எவ்வளவு நேரம் வெளியே இருந்தது?" என்பதுதான். சூரை, சாளை, கானாங்கெளுத்தி மாதிரி மீன்கள் சூட்டில் கிடந்தால் அவற்றில் ஹிஸ்டமின் உண்டாகிவிடும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது அழியாது என்று விளக்கினார். மருந்து கொடுத்தார், மாலைக்குள் சரியானது.

அதிலிருந்து மீன் வாங்கப் போகும்போதே ஐஸ் பெட்டியோடுதான் போகிறேன். ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ். மே மாத வெயிலில் கார் டிக்கி அடுப்புக்குச் சமம், தயவுசெய்து விளையாட வேண்டாம்.


காரைநகரான்:

நாங்கள் யாழ்ப்பாணத்தார். பள்ளிக்கூட நண்பர்களில் பாதிப்பேர் வெளிநாட்டில். இரண்டு வருடம் முந்தி ஆகஸ்டில் எட்டுப் பேர் ஒன்றாக லீவில் வந்து நின்றோம். காரைநகர் கசூரினா கடற்கரைக்குப் போய்ச் சவுக்கு மர நிழலில் மூன்று கல் வைத்து ஒடியல் கூழ் காய்ச்சினோம். ஒடியல் என்பது காயவைத்த பனங்கிழங்கு.

கூழ் தனி ஆளுக்குக் காய்ச்சுகிற சாமான் இல்லை. எட்டுப் பேருக்கும் வேலை இருந்தது. ஒருவன் பலாக்கொட்டை தோல் உரிக்க, ஒருவன் பயத்தங்காய் முறிக்க, ஒருவன் மரவள்ளிக்கிழங்கு வெட்ட, இரண்டு பேர் நண்டோடு மல்லுக்கட்டினார்கள். ஒடியல் மாவை வீட்டிலேயே தண்ணீரில் ஊறவிட்டுத் துணியில் வடித்து எடுத்துக்கொண்டு போயிருந்தோம். அந்தத் தண்ணீரை வெளியே ஊற்றாவிட்டால் கூழ் கைக்கும். கொஞ்ச அரிசியும் கிழங்கும் கொட்டையும் அவிந்த பிறகு மீன் தலை, நண்டு, இறால், கணவாய். செத்தல் மிளகாயை அரைத்துப் பழப்புளியில் கரைத்து விட்டோம். கடைசியில் மாவைக் கரைத்து ஊற்றிக் கைவிடாமல் துழாவ வேண்டும், விட்டால் அடிப்பிடிக்கும்.

பதினைந்து வருடமாகக் கனடாவில் இருக்கிற ஒருத்தனுக்குத்தான் துழாவுகிற வேலையைக் கொடுத்தோம். அவனுடைய அம்மா காய்ச்சுகிற கூழ்தான் எங்கள் ஒழுங்கையிலேயே பேர் போனது. அம்மா போய் மூன்று வருடம், அவனால் செத்தவீட்டுக்கும் வர முடியவில்லை. உறைப்பும் புளிப்பும் சரியா என்று உள்ளங்கையில் ஒரு துளி விட்டு நக்கிப் பார்த்தான். அவனுடைய அம்மாவும் அப்படித்தான் பார்ப்பா. ஒருத்தரும் ஒன்றும் பேசவில்லை.

குடித்தது பிளாவில்தான். நெல்லைக்காரி அக்கா சொன்ன பட்டை மாதிரியே, பனையோலையில் கோலுவது. சுடச்சுட ஊற்றினால் ஓலை வாசம் எழும்பும். கண்ணால் மூக்கால் தண்ணி வரக் குடித்தோம். பானை காலியாகும்வரை அவன் தன் பிளாவைக் கீழே வைக்கவில்லை.


நெல்லைக்காரி:

தம்பி, படித்துவிட்டு வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஒடியல் மாவு இங்கே கிடைக்குமா தெரியவில்லை, பனங்கிழங்கு தை மாதம் ஏராளமாக வரும். தோல் உரித்துப் பச்சையாகவே காயவைத்து அரைத்தால் போதுமா, எத்தனை நாள் வெயில் வேண்டும் என்று எழுதுங்கள். அடுத்த மே மாதத்துக்கு அந்த அக்காவுக்கும் சேர்த்துக் காய்ச்ச வேண்டும்.