பூட்டானில் வில் ஆட்டம் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள்

வைகைக்கரை:

பூட்டான் போய் வந்து எட்டு மாதம் ஆகிறது. டைகர் நெஸ்ட் மடம், புனாக்கா கோட்டை, தோச்சுலாவின் 108 ஸ்தூபி எல்லாம் இங்கே நிறையப் பேர் எழுதிவிட்டீர்கள். நான் அதற்குள் போகவில்லை. எனக்கு ஒரே ஒரு விஷயம்தான் இன்னும் உறுத்துகிறது.

பாரோவைத் தாண்டி ஒரு கிராமம், ஞாயிற்றுக்கிழமை காலை. வயலை ஒட்டி நீளமான புல்வெளி. இந்த முனையில் ஒரு பலகை, அந்த முனையில் ஒரு பலகை, நடுவில் 140 மீட்டருக்கு மேல் தூரம். ஒலிம்பிக்கில் 70 மீட்டர்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். பலகையோ ஓர் அடி அகலம், மூன்றடி உயரம்தான். எனக்கு இந்தக் கோடியிலிருந்து அது ஒரு வெள்ளைப் புள்ளியாகத் தெரிந்தது.

பெரும்பாலானவர்கள் கையில் வெளிநாட்டு காம்பவுண்டு வில். ஒரே ஒரு பெரியவர் மட்டும் மூங்கில் வில் கொண்டுவந்திருந்தார். அதைக் கல் சுவரில் சாத்திவிட்டு, கோ அங்கியின் மடியிலிருந்து பாக்கும் வெற்றிலையும் எடுத்து தோமா மடித்துக்கொண்டிருந்தார். வில்லை இரண்டு மூங்கில் பட்டைகளை நடுவில் இணைத்துச் செய்திருந்தார்கள். அந்த இணைப்பு கை பட்டுப் பட்டு புளியங்கொட்டை நிறத்துக்கு வந்திருந்தது. என்னை அறியாமல் கையை நீட்டிவிட்டேன். விரல் பட்டதா இல்லையா என்றுகூட இப்போது சொல்லத் தெரியவில்லை. "மேடம், ப்ளீஸ், நோ" என்று கைடு பதறிக்கொண்டு வந்தார்.

பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. எழுந்தார், வில்லை எடுத்தார், கோவின் வெள்ளைக் கைமடிப்பால் ஒரு தடவை துடைத்தார். போய் நின்று விட்ட இரண்டு அம்பும் வெளியே விழுந்தன. எதிரணிக்காரர்கள் கையைத் தூக்கி ஏதோ பாடினார்கள். கைடு என்னைப் பார்த்துச் சிரித்தார். பெண்கள் வில்லைத் தொட்டால் குறி தப்பும் என்று பழைய ஆட்கள் நம்புவார்கள் என்று அப்புறம்தான் சொன்னார்.

முன்னாலேயே சொல்லியிருந்தால் நான் தள்ளி நின்றிருப்பேன். அந்தத் துடைத்த கை இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை.


மலைப்பாதை:

அக்கா, நீங்கள் வில் பக்கம் நின்றீர்கள். நாங்கள் பலகைப் பக்கம் நின்றோம்.

திம்பு பக்கத்தில் ஒரு மைதானம். இரண்டு அம்பு வீதம் எல்லோரும் விட்டு முடித்ததும் மொத்தக் கூட்டமும் எதிர்முனைக்கு நடந்து வந்து அங்கிருந்து திருப்பி விடும். அதனால் எந்த நேரமும் பலகைக்குப் பக்கத்தில் ஆட்டக்காரர்கள் இருப்பார்கள். எவ்வளவு பக்கத்தில் என்றால், மூன்று எட்டு. சிலர் பலகைக்கு முன்னாலேயே கையை ஆட்டி, "இங்கே, இங்கே" என்று தங்கள் ஆளுக்குக் காட்டுகிறார்கள். எதிரணிக்காரர்கள் கத்திக் குழப்புகிறார்கள். அம்பு வருவது நம் கண்ணுக்குத் தெரியாது. அவர்களுக்குத் தெரிகிறது. அரை அடி நகர்ந்துகொள்கிறார்கள், அவ்வளவுதான்.

எங்களை ஒரு மதில் பின்னால் நிற்கச் சொல்லியிருந்தார் கைடு. என் பையனுக்கு ஒன்பது வயசு. ஓர் அம்பு பலகையில் பட்டு எல்லோரும் வரிசையாக நின்று காலைத் தூக்கித் தூக்கி ஆட ஆரம்பித்தார்கள். அந்த ஆட்டத்தைப் பார்க்கிற ஆசையில் அவன் மதிலைச் சுற்றி ஓடிவிட்டான். அவர்கள் ஆடி முடித்து, அந்த முனையில் அடுத்தவர் நாணை இழுத்தாயிற்று. நான் வாயைத் திறப்பதற்குள், ஆடியவர்களில் ஒருவர் அவனைச் சட்டைக் காலரோடு பிடித்துத் தன் கோவுக்குள் இழுத்துக்கொண்டார். அடுத்த நொடி 'சர்ர்' என்று ஒரு சத்தம், பின்னாலேயே மண்ணில் 'தப்'. எங்கே விழுந்தது என்று பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அந்த ஆள் பையன் தலையைத் தடவிவிட்டு, இடுப்புக் கச்சையில் செருகியிருந்த சிவப்புத் துணி ஒன்றை எடுத்து அவன் பெல்ட்டில் செருகினார். குறி அடித்தவருக்குக் கொடுக்கிற துணியாம் அது. எங்கள் வீட்டு ஷோகேஸில் இருக்கிறது. பையனுக்கு அது பரிசு. நான் அதைப் பார்க்கும்போதெல்லாம் அந்தச் சத்தம்தான் கேட்கிறது.


காவிரிக்காரி:

வைகைக்கரை, நீங்கள் எதற்காக வருத்தப்படுகிறீர்கள் என்று எனக்கு உண்மையிலேயே புரியவில்லை. இரண்டு அம்பு தப்பியதற்கு உங்கள் விரலா காரணம்? 140 மீட்டரில் மூங்கில் வில்லால் யார் விட்டாலும் முக்கால்வாசி தப்பத்தான் செய்யும்.

அதே பூட்டான் 1984 லாஸ் ஏஞ்சல்ஸில் முதல்முதலாக ஒலிம்பிக்குக்குப் போனபோது வில்லாளர்களைத்தான் அனுப்பியது, ஆண்களும் போனார்கள், பெண்களும் போனார்கள். டோக்கியோ ஒலிம்பிக்குக்கு கர்மா என்ற பெண் தகுதிப் போட்டியில் ஜெயித்தே இடம் பிடித்தார். நம் தீபிகா குமாரிதான் முதல் ஆட்டத்தில் அவரைத் தோற்கடித்தார். அன்றைக்கு நான் தீபிகாவுக்காகக் கத்திவிட்டு, கர்மா வில்லை இறக்கிவைத்த விதத்தைப் பார்த்து உட்கார்ந்துவிட்டேன்.

போன வருஷம் திம்புவில் ஒரு காலை. டிராக் சூட் போட்ட ஒரு பெண், இருபது வயசு இருக்கும், தனியாகப் பயிற்சி செய்துகொண்டிருந்தாள். விடுவாள், நடந்து போய்ப் பிடுங்குவாள், திரும்பி வருவாள். எங்கள் கைடு ஆண்கள் ஆட்டத்தைக் காட்ட அவசரப்பட்டார், அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் பத்து நிமிஷம் நகரவே இல்லை. கைவிரல் காப்புத் தோல் கிழிந்து, அதை நூலால் தைத்திருந்தாள். அந்தத் தையல்தான் எனக்கு பூட்டான். 'பெண் தொட்டால் குறி தப்பும்' என்று சுற்றுலாக்காரர்களிடம் சிரித்துச் சொல்லும் கைடுகள் இவளைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லலாம்.

மலைப்பாதை, குழந்தையை அந்த இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனதே தப்பு. கோபித்துக்கொள்ளாதீர்கள்.


மலைப்பாதை:

கோபம் இல்லை சகோதரி. ஆனால் அங்கே உள்ளூர்ப் பிள்ளைகள் முப்பது பேர் புல்லில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு எங்கே நிற்கவேண்டும் என்று தெரியும், எங்களுக்குத் தெரியாது. தப்பு என்மேல்தான்.


கணக்கு வாத்தியார்:

எல்லோருக்கும் வணக்கம். நான் 1986லிருந்து நான்கு வருஷம் கிழக்கு பூட்டானில், த்ராஷிகாங் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்தேன். அப்போது இந்தியாவிலிருந்து, முக்கியமாகக் கேரளத்திலிருந்து, நிறைய ஆசிரியர்கள் அங்கே இருந்தோம். அஸ்ஸாம் வழியாக சம்துருப் ஜொங்கார் போய், அங்கிருந்து மலை ஏறவேண்டும். டிவி கிடையாது, அது 1999இல்தான் வந்தது. ஊருக்கு இருந்த ஒரே பொழுதுபோக்கு வில். அது முடிந்தால் குரு. கையால் எறிகிற கனமான ஈட்டி அம்பு, இருபது மீட்டர் தூரம்.

காவிரிக்காரி அம்மா சொல்வது பாதிதான் சரி. அந்த நம்பிக்கை பெண்ணைக் குறை சொல்ல வந்தது என்று நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்கள். நான் பார்த்த வரையில் அந்தக் கட்டுப்பாடு ஆண்கள் கழுத்தில்தான் இறுக்கமாக இருந்தது. பெரிய ஆட்டத்துக்கு முந்தின இரவு அணிக்காரர்கள் யாரும் வீட்டில் படுக்கக்கூடாது. எங்கள் பள்ளி அணி ஸ்டோர் ரூமில் அரிசி மூட்டைகளுக்கு நடுவில் படுத்தது. லோசார், அதாவது அவர்கள் புத்தாண்டு சமயம், நல்ல குளிர். புதுசாகக் கல்யாணமான ஒரு லோபென் (ஆசிரியரை அங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) நடுராத்திரி எழுந்து வீட்டுக்குப் போய்விட்டு விடிவதற்குள் வந்து படுத்துக்கொண்டார். எல்லோருக்கும் தெரியும், யாரும் கேட்கவில்லை.

மறுநாள் அவர் அம்பு ஒன்றுகூடப் பலகை ஓரத்தில் விழவில்லை. பலகையிலிருந்து ஓர் அம்பு நீளத்துக்குள் குத்தினாலே ஒரு புள்ளி உண்டு, அதுவும் இல்லை. கிராமத்துப் பெண்கள் தங்கள் கீரா உடையை இழுத்துச் செருகிக்கொண்டு அவர் எதிரே வரிசையாக நின்று பாடினார்கள். என் மாணவன் ஒருவன் காதோடு சொன்னான்: "சார், ராத்திரி வீட்டுக்குப் போனவன் கண்ணில் இன்னும் தூக்கம் இருக்கிறது என்று பாடுகிறார்கள்." லோபென் காதுவரை சிவந்துவிட்டார். அப்புறம் அவரே அந்த வரிசையில் போய்ச் சேர்ந்து, தன்னைப் பற்றிய பாட்டுக்குத் தானே ஆடினார். முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று. இன்றைக்கும் ஒரு வகுப்பில் தடுமாறினால் எனக்கு அவர் ஆடினதுதான் ஞாபகம் வரும்.

வைகைக்கரை அம்மா, ஒன்று கேட்கிறேன். அந்தப் பெரியவர் தோமா மடித்துக்கொண்டிருந்தார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தோமாவுக்குச் சுண்ணாம்பு தடவவேண்டும். நம் ஊர் வெற்றிலை மாதிரியேதான், பாக்கு மட்டும் ஊறிப்போய் நெடி அடிக்கும். சுண்ணாம்புக் கையோடு யார் வில்லைப் பிடிப்பார்கள்? அவர் துடைத்தது எதை என்று நன்றாக ஞாபகம் இருக்கிறதா?


பயணப்பை:

என் அனுபவம் சின்னது. பாரோவில் ஒரு ஹோட்டல் தோட்டத்தில் கோ கட்டிவிட்டு, வில்லைக் கொடுத்து, முப்பது மீட்டர் தூரத்தில் ஒரு பலகையைக் காட்டினார்கள். நாணை என்னால் முகம்வரை இழுக்க முடியவில்லை. பக்கத்தில் தட்டு கழுவிக்கொண்டிருந்த ஓர் அம்மா எழுந்து வந்து, என் முழங்கையைப் பிடித்து உயர்த்திவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். அந்த அம்பு பட்டது. அவர் பெயரைக்கூடக் கேட்கவில்லை.

போகப் போகிறவர்களுக்குச் சில விஷயம் சொல்லிவிடுகிறேன். உண்மையான ஆட்டம் பார்க்கவேண்டும் என்றால் புக் பண்ணும்போதே கைடிடம் "ஹோட்டல் வில் வேண்டாம், ஊர் ஆட்டம் வேண்டும்" என்று சொல்லுங்கள். சனி, ஞாயிறு பாரோவிலோ திம்புவிலோ இருக்கும்படி திட்டம் போடுங்கள். திம்புவில் சாங்லிமிதாங் மைதானம் இருக்கிறது. 1885இல் உக்யென் வாங்சுக் ஜெயித்த சண்டை நடந்த இடம் அது, அவர்தான் பின்னால் முதல் ராஜா ஆனார். இந்தியர்களுக்கு விசா வேண்டாம், பெர்மிட் வேண்டும். பாஸ்போர்ட் அல்லது வாக்காளர் அட்டை கொண்டுபோங்கள், ஆதார் செல்லாது. பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றிதழ். ஓர் இரவுக்குத் தலைக்கு 1,200 ரூபாய் கட்டணம், ஆறு முதல் பன்னிரண்டு வயதுவரை பாதி. அவர்கள் நுல்ட்ரமும் நம் ரூபாயும் ஒரே மதிப்பு. கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளிவையுங்கள். கோட்டைக்குள் போகக் காலர் வைத்த முழுக்கைச் சட்டை. டைகர் நெஸ்ட் 3,120 மீட்டர், முதல் நாளே ஏறாதீர்கள், மூச்சு வாங்கும். உள்ளே போன், பை எதுவும் விடமாட்டார்கள். எமா தட்சி என்கிற சீஸ் குழம்பில் மிளகாய்தான் காய்கறி. நாம் காரம் சாப்பிடுகிற ஆட்கள் என்று நம்பி முதல் வேளையே தட்டு நிறையப் போட்டுக்கொள்ளாதீர்கள், சிவப்பரிசிச் சோறு நிறைய, எமா தட்சி கொஞ்சம். மைதானத்தில் ஆரா என்ற உள்ளூர்ச் சாராயம் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லலாம், தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள். 'லா' என்று கடைசியில் சேர்த்துப் பேசுங்கள், நம் 'ங்க' மாதிரி மரியாதை. "குசுசாங்போ லா" என்றால் வணக்கம், "கதின்சே லா" என்றால் நன்றி. அந்தத் தட்டு கழுவின அம்மாவிடம் எனக்கு அந்த வார்த்தை சமயத்துக்கு வரவில்லை.


தெம்பனிஸ் தமிழன்:

1,200 ரூபாயைப் பார்த்துப் பெருமூச்சு விட்டேன். சிங்கப்பூர்ப் பாஸ்போர்ட்டுக்கு ஓர் இரவுக்கு 100 அமெரிக்க டாலர். ஆனாலும் திரும்பப் போவேன். வாத்தியார் ஐயா, கிழக்குப் பக்கம் பற்றித் தனியாக எழுதுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.


வைகைக்கரை:

வாத்தியார் ஐயா, நீங்கள் கேட்ட பிறகு போனில் தேடினேன். என் வீட்டுக்காரர் வீடியோ எடுத்திருந்தார், 42 நொடி. எட்டு மாதமாக நான் அதைத் திறக்கவே இல்லை.

அவர் முதலில் கட்டைவிரலைத்தான் கைமடிப்பில் தேய்க்கிறார். இரண்டு தடவை, அழுத்தி. துணியில் வெள்ளை மேல் வெள்ளையாகச் சுண்ணாம்பு ஒட்டுவது நன்றாகத் தெரிகிறது. அதற்கு அப்புறம்தான் வில்லை எடுக்கிறார். வில்லைத் துடைக்கவே இல்லை. நான் வரிசையை மாற்றி ஞாபகம் வைத்திருந்திருக்கிறேன்.

காவிரிக்காரி, உங்களுக்கும் நன்றி. ஆனால் என் விரலா காரணம் என்று நீங்கள் கேட்டது எனக்கு ஆறுதலாக இல்லை. அவருக்கு அப்படித் தோன்றியிருக்குமோ என்பதுதான் என் கவலையாக இருந்தது.

வீடியோவை கைடுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, அந்தப் பாட்டுக்கு அர்த்தம் கேட்டேன். நேற்று ராத்திரி பதில் வந்தது. "பலகையை யானை அளவுக்குச் செய்து வையுங்கள், தாத்தா வந்திருக்கிறார்" என்று பாடினார்களாம். அவருக்குக் காலையில் எப்போதும் அப்படித்தானாம். அன்றைக்குச் சாப்பாட்டுக்கு அப்புறம் இரண்டு அம்பு பலகையில் அடித்து, இடுப்பில் பச்சைத் துணியும் மஞ்சள் துணியும் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போனாராம்.

நாங்கள் அடுத்த இடத்துக்கு நேரமாகிறது என்று பதினொன்றரைக்கே கிளம்பிவிட்டோம்.