டெர்பினாஃபின் ஒரு மாதம் சாப்பிட்டும் படர்தாமரை போகவில்லை, டெஸ்ட் தேவையா?

அயர்ன்மாஸ்டர்_திருப்பூர்:
பனியன் கம்பெனியில் அயர்ன் டேபிளில் நிற்கிறேன். ஸ்டீம் சூட்டில் இடுப்புக்குக் கீழே எப்போதும் ஈரம்தான். தொடை இடுக்கில் படர்தாமரை. மெடிக்கலில் கொடுத்த ட்யூப் போட்டால் இரண்டு நாளில் அரிப்பு அடங்கும், விட்டால் முன்பைவிட அகலமாக வரும். தோல் டாக்டர் கொடுத்த பூஞ்சை மாத்திரை டெர்பினாஃபின் 250-க்கும் அசையவில்லை. இப்போது வீட்டுக்காரம்மாவுக்கும் இடுப்பில் வட்டம். தோலைச் சுரண்டி டெஸ்ட் எடுக்கணும், அப்புறம் இட்ராகோனசோல் என்ற வேறொரு பூஞ்சை மருந்து என்கிறார் டாக்டர். நேராக மாத்திரையை மாற்றினால் போதாதா?

மூலிகைப்பிரியன்:
சீமை அகத்தி இலையை எலுமிச்சைச் சாறு விட்டு அரைத்துப் போடுங்கள். எங்கள் அப்பாவுக்கு அதில்தான் போனது.

லேப்அக்கா:
எலுமிச்சை வேண்டாங்க, அந்த இடத்துத் தோல் வெந்துவிடும். முதலில் ட்யூபில் பொடி எழுத்தைப் படியுங்கள். குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் என்று இருந்தால் ஸ்டீராய்டு. சிவப்பும் அரிப்பும் அடங்கும், பூஞ்சை பாட்டுக்குப் பரவும். வட்டத்தின் விளிம்பும் அழிந்து, படர்தாமரைதானா என்றே சந்தேகம் வரும். டெஸ்ட் கேட்பது அதற்காகவும்தான்.

விளிம்பில் இருக்கும் செதிலை மட்டும் பிளேடால் சுரண்டுவோம், வலிக்காது. ஸ்லைடில் வைத்து ஒரு சொட்டு கேஓஎச் (பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல்) விட்டால் செதில் கரைந்து, மைக்ராஸ்கோப்பில் பூஞ்சை கிளைவிட்ட கண்ணாடி நூல் மாதிரி தெரியும். அன்றைக்கே ரிசல்ட். களிம்பை எத்தனை நாள் முன்னால் நிறுத்தணும் என்று கேட்டுக்கொண்டு போங்கள், இல்லையென்றால் ஒன்றுமே தெரியாமல் போகலாம்.

மருந்துக்கு அடங்குமா என்பதை ஸ்லைடு சொல்லாது. அதற்குப் பூஞ்சையை லேபில் வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் வேண்டும், நான்கு வாரம்கூட ஆகும். ஜீன் டெஸ்ட் எல்லா லேபிலும் கிடையாது. நம் நாட்டில் இப்போது பரவிக் கிடப்பது டிரைக்கோபைட்டான் இண்டோட்டினியே என்ற பூஞ்சை. 2020-இல் ஜப்பானில் ஓர் இந்தியர், ஒரு நேபாளி இருவர் தோலிலிருந்தும் பிரித்துப் பெயர் வைத்தார்கள். டெர்பினாஃபின் போய் ஒட்டவேண்டிய பூஞ்சையின் நொதியே, பலருக்கு வந்திருக்கும் இந்தப் பூஞ்சையில் மாறிக் கிடக்கிறது; அதனால் மருந்து வேலை செய்வதில்லை. உங்கள் டாக்டர் சரியாகத்தான் போகிறார்.

அயர்ன்மாஸ்டர்_திருப்பூர்:
குளோபெட்டசால்தான் போட்டிருக்கிறது அக்கா. காலையில் கேஸ் மாத்திரை போடுவேன், இட்ராகோனசோலோடு சேருமா?

லேப்அக்கா:
கேப்ஸ்யூல் கரைய வயிற்றில் அமிலம் வேண்டும், கேஸ் மாத்திரை அதைக் குறைத்துவிடும். டாக்டரிடம் சொல்லுங்கள். கொலஸ்ட்ரால் மாத்திரை, இதயக் கோளாறு, ஈரல் கோளாறு இருந்தாலும் சொல்லணும். வயிறு நிறையச் சாப்பிட்டதும் போடுங்கள். வாரக்கணக்கில் ஆகும், அரிப்பு நின்றதும் நிறுத்திவிடாதீர்கள். துண்டு தனித்தனியாக இருக்கட்டும். வீட்டுக்காரம்மாவையும் கூடவே கூட்டிப்போங்கள், ஒருத்தர் மட்டும் மருந்து சாப்பிட்டால் மாறி மாறி ஒட்டிக்கொண்டே இருக்கும். அவர் கர்ப்பமாக இருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடணும்.