கடல் தாண்டிப் போய் ஊர்ச் சாப்பாடான கதைகள்: உங்கள் அனுபவம் என்ன?

டர்பன், தென்னாப்பிரிக்கா

சொந்த ஊர் பாளையங்கோட்டை. வேலைக்காக டர்பனில் இருக்கிறேன். மதியம் ஆனால் எங்கள் அலுவலகத்தில் கறுப்பர், வெள்ளையர், இந்திய வம்சாவளியினர் என்று எல்லோரும் கிளம்பிப் போய் வரிசையில் நிற்கும் சாப்பாடு பன்னி சௌ. பெயரைக் கேட்டு முகம் சுளிக்க வேண்டாம், அதில் பன்றியும் இல்லை, முயலும் இல்லை. வெட்டாத வெள்ளை பிரெட்டில் கால்வாசியை எடுத்து, நடுவில் இருக்கும் பஞ்சைத் தோண்டி, அந்தக் குழியில் ஆட்டுக்கறிக் குழம்பை ஊற்றித் தருவார்கள். அவ்வளவுதான். குழம்பில் உருளைக்கிழங்கு கட்டாயம் கிடக்கும். கறிவேப்பிலை வாசனை கடை வாசலிலேயே வந்துவிடும். பக்கத்தில் காரட், வெங்காயம், பச்சைமிளகாய் போட்டு வினிகர் தெளித்த பச்சடி.

தட்டு கிடையாது, கரண்டியும் கிடையாது. தோண்டிய பஞ்சைத்தான் மூடி மாதிரி மேலே வைத்திருப்பார்கள். முதலில் அதைக் குழம்பில் தோய்த்துச் சாப்பிட வேண்டும். அப்புறம் பிரெட் சுவரை மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்து வர வேண்டும். அவசரப்பட்டு அடியில் கை வைத்தால் குழம்பு மொத்தமும் சட்டையில். கடையில் கேட்கும்போது 'குவார்ட்டர் மட்டன்' என்றால் போதும். நம் ஊரில் குவார்ட்டர் என்றால் வேறு அர்த்தம் என்று இங்கே ஒரு நண்பருக்கு விளக்கி, அலுவலகம் முழுக்கப் பரவிவிட்டது.

சரி, இது எப்படி வந்தது? 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் டர்பனில் வந்து நின்றது. அதில் 342 பேர். நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள். 1911 வரை இப்படிச் சுமார் ஒன்றரை லட்சம் பேர் வந்தார்கள், அதில் தமிழர் ஏராளம். இன்றைக்கும் இங்கே பிள்ளை, முதலி, நாயுடு எல்லாம் குடும்பப் பெயர்கள். பலருக்குத் தமிழ் பேச வராது, ஆனால் குழம்பு வைக்க வருகிறது.

பன்னி சௌ பிறந்தது 1940களில், கிரே தெருப் பக்கம் என்பது பொதுவான கருத்து. தெருவுக்கு இப்போது டாக்டர் யூசுப் தாதூ பெயர். யார் முதலில் செய்தார், ஏன் செய்தார் என்பதில் பல கதைகள் உலவுகின்றன. கரும்பு வெட்டப் போனவர்கள் கட்டிக்கொண்டு போனது என்பார்கள். கோல்ஃப் மைதானத்தில் மட்டை தூக்கிய பையன்களுக்காக வந்தது என்பார்கள். நிறவெறிக் காலத்தில் கறுப்பர்கள் இந்தியக் கடைகளுக்குள் உட்கார்ந்து சாப்பிட முடியாது. பின்வாசலில் நிற்பவருக்குப் பாத்திரம் இல்லாமல் குழம்பைக் கொடுத்தனுப்ப பிரெட்டையே பாத்திரமாக்கினார்கள் என்கிற கதைதான் எனக்குச் சரியாகப் படுகிறது. திரும்பி வாங்க வேண்டிய எதையும் வாடிக்கையாளர் கையில் கொடுக்காத ஏற்பாடு அது. ருசியாக இருக்கிறதே என்று அதை மறந்துவிடக் கூடாது.

உங்களுக்கும் இப்படி ஒரு சாப்பாடு வாய்த்திருக்கும். எழுதுங்கள்.

சென்னை

அண்ணாச்சி, ஒரே கேள்வி. அமாவாசை அன்று என்ன செய்வீர்கள்?

டர்பன்

பீன்ஸ் பன்னி! காய்ந்த பீன்ஸ் பயறை மசாலாவில் குழைய வேகவைத்து அதே பிரெட்டில் தருவார்கள். ஆட்டுக்கறி பின்னால் வந்தது, முதலில் பயறுதான் என்று இங்கே பெரியவர்கள் சொல்கிறார்கள். விலையும் குறைவு. உண்மையைச் சொன்னால் மட்டனைவிட அதில்தான் குழம்பு பிரெட்டில் நன்றாக ஊறும்.

பெர்லின், ஜெர்மனி

அண்ணை, பாணைத் தோண்டிக் கறி விடுவது நல்ல யோசனை. நாங்கள் யாழ்ப்பாணத்தில் பாணும் சம்பலும், பாணும் பருப்பும் என்று வளர்ந்த ஆட்கள், வாசிக்கவே வாய் ஊறுது.

என்ரை கதை டோனர் கெபாப். சுட்ட இறைச்சியைச் சீவி ரொட்டிக்குள் வைத்துத் தருகிறது. சித்தப்பா 85ஆம் ஆண்டு கிழக்கு பெர்லின் விமான நிலையத்தில் வந்திறங்கி மேற்குப் பக்கம் வந்தவர். அந்த நேரம் எங்கடை ஆட்கள் கனபேர் வந்த பாதை அதுதான். பாஷை தெரியாது, கையில் காசும் இல்லை, வெளியில் வாங்கிச் சாப்பிடக் கட்டுப்படியான ஒரே சாமான் டோனர்தான் என்று இண்டைக்கும் சொல்லுவார். கடைக்காரர் கேட்கிற 'மிட் அலெஸ்? மிட் ஷார்ஃப்?' என்ற இரண்டு கேள்விதான் அவர் முதன்முதல் படித்த ஜெர்மன். எல்லாம் போடவா, உறைப்புப் போடவா. இரண்டுக்கும் ஓம் என்றால் வேலை முடிந்தது.

ஜெர்மன்காரருக்கு அது சொந்தச் சாப்பாடு மாதிரி. ஆனால் இறைச்சியை நெட்டுக்குத்தாகக் கம்பியில் குத்திச் சுடுகிற முறை துருக்கியில் 19ஆம் நூற்றாண்டிலேயே இருக்கிறது, புர்சா நகரத்து இஸ்கந்தர் குடும்பம் இன்றும் அதற்கு உரிமை கொண்டாடுகிறது. அங்கே அதைத் தட்டில் வைத்து ஆறுதலாக இருந்து சாப்பிடுவார்கள். 1961இல் மேற்கு ஜெர்மனி துருக்கியோடு ஒப்பந்தம் போட்டு ஆலைகளுக்கு ஆட்களைக் கூப்பிட்டது. துருக்கியிலிருந்து வந்த காதிர் நூர்மன், 1972இல் பெர்லின் ஸூ ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இறைச்சியை ரொட்டிக்குள் வைத்து விற்கத் தொடங்கினார் என்கிறார்கள். இங்கே ஆட்கள் நடந்துகொண்டே சாப்பிடுகிறார்களே என்று கவனித்ததுதான் காரணம். ஐரோப்பாவிலுள்ள துருக்கி டோனர் உற்பத்தியாளர் சங்கம் 2011இல் அவரைக் கௌரவித்தது. காப்புரிமை ஒன்றும் எடுக்காத மனிசன், 2013இல் காலமானார். எனக்கு முதலே நான்தான் செய்தேன் என்று சொல்லுகிற வேறு ஆட்களும் இருக்கிறார்கள்.

இன்னொன்று, கறிவூர்ஸ்ட். பொரித்த சொசேஜைத் துண்டுதுண்டாக வெட்டி, தக்காளிச் சோஸ் ஊற்றி, மேலே கறித்தூள் தூவித் தருவது. ஹெர்ட்டா ஹொய்வர் என்ற அம்மா 1949 செப்டெம்பர் 4 அன்று சார்லட்டன்பூர்க்கில் இருந்த தன் தெருக்கடையில் முதன்முதல் செய்தார் என்று கான்ட் தெருவில் நினைவுப் பலகையே வைத்திருக்கிறார்கள். சோவியத் மேற்கு பெர்லினுக்கு வரும் பாதைகளை அடைத்த முற்றுகை முடிந்து நாலு மாதம்கூட ஆகாத நேரம் அது. கறித்தூள் பிரிட்டிஷ் இராணுவத்தினர் மூலமாகக் கிடைத்ததாம். பிறகு தன் சோஸுக்குச் 'சில்லப்' என்று பெயரைப் பதிவுசெய்து வைத்துக்கொண்டார், கெட்டிக்காரி. அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து வந்தபோது வாங்கிக் கொடுத்தேன். ஒரு துண்டு சாப்பிட்டுவிட்டு, "தூளை வறுக்காமலே போட்டிருக்கிறாங்கள், பச்சை மணம் அடிக்குது" என்று தள்ளி வைத்துவிட்டா. எனக்குப் பிடிக்கும். அம்மாவுக்குச் சொல்லவில்லை.

மெக்சிகோ சிட்டி

பெர்லின் நண்பர் சொன்ன அதே நெட்டுக்குத்துக் கம்பி இங்கேயும் ஒவ்வொரு தெருமுனையிலும் சுற்றுகிறது. லெபனான் பக்கத்திலிருந்து வந்தவர்கள் 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் புவெப்லா நகரத்தில் கொண்டுவந்து வைத்தது. ஆட்டிறைச்சி போய்ப் பன்றி வந்தது, ரொட்டி போய் டொர்டில்லா என்ற மெல்லிய சோள ரொட்டி வந்தது, காய்ந்த மிளகாயும் அச்சியோத்தே என்ற சிவப்பு விதையும் அரைத்த சிவப்பு மசாலா ஏறியது. பெயர் டாக்கோஸ் அல் பஸ்தோர். கம்பி உச்சியில் ஒரு அன்னாசி செருகியிருப்பார்கள். நல்ல கைப்பழக்கம் உள்ள கடைக்காரர் கத்தியால் ஒரு சீவு சீவினால் அன்னாசித் துண்டு பறந்து வந்து இடது கையில் இருக்கும் டாக்கோவில் விழும். அதைப் பார்க்கவே சாப்பிடப் போகலாம்.

யோகோஹாமா, ஜப்பான்

எங்கள் கம்பெனி கேண்டீனில் அதிகம் விற்பது எது தெரியுமா? சூஷி இல்லை. கறி ரைஸ். கெட்டியான பழுப்புக் குழம்பு, லேசான இனிப்பு, ஓரத்தில் சிவப்பாக ஒரு ஊறுகாய். வந்த புதிதில் இதைக் குழம்பு என்று ஒத்துக்கொள்ளவே மனம் வரவில்லை. மைதாவை வெண்ணெயில் வறுத்துக் கெட்டியாக்குகிறார்கள், நம் ஊர்க் கைப்பக்குவம் எதுவும் தெரியாது. காரணம், இது இந்தியாவிலிருந்து நேராக வரவில்லை. பிரிட்டிஷ்காரர்கள் கறித்தூளாக்கி, தங்கள் கப்பலுக்கும் வீட்டுக்கும் தோதாக மாற்றிய பிறகு, 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில், மெய்ஜி மன்னர் காலத்தில் அவர்கள் வழியாக வந்தது.

பக்கத்தில் யோகோசுகா கடற்படை ஊர். அங்கே போனபோதுதான் முழுக்கதையும் பிடிபட்டது. 1880களில் ஜப்பான் கடற்படையில் பெரிபெரி நோய் வீரர்களைக் கொன்றுகொண்டிருந்தது. வெள்ளை அரிசிச் சோறே பிரதானம், தயமின் (வைட்டமின் பி1) சத்து இல்லை. தயமின் என்ற பெயரே அப்போது பிறக்கவில்லை. லண்டனில் படித்துவந்த கடற்படை மருத்துவர் தகாகி கனேஹிரோ, குறை சாப்பாட்டில்தான் என்று பிடித்துவிட்டார். 1884இல் சுக்குபா என்ற கப்பலை மாற்றிய உணவோடு நீண்ட பயணம் அனுப்பிக் காட்டினார், நோய் பெருமளவு நின்றது. இறைச்சி, காய்கறி, மாவு எல்லாம் ஒரே பாத்திரத்தில் போட்டு நூற்றுக்கணக்கான பேருக்குச் சமைக்க கறி தோதாக இருந்தது. 1908இல் வந்த கடற்படைச் சமையல் கையேட்டில் கறி ரைஸ் செய்முறை இருக்கிறது. ஊருக்குத் திரும்பிய வீரர்கள் வீட்டிலும் அதைக் கேட்க, நாடெங்கும் பரவியது.

இன்றைக்கும் ஜப்பான் கடல்சார் தற்காப்புப் படையில் வெள்ளிக்கிழமை என்றால் கறி. கடலிலேயே கிடப்பவர்களுக்குக் கிழமை மறந்துபோகாமல் இருக்க என்று சொல்வார்கள். யோகோசுகா கடைகளில் அதே செய்முறையில், கூடவே ஒரு சாலட், ஒரு கிளாஸ் பால் வைத்துத் தருகிறார்கள். குழம்புச் சோற்றுக்குப் பால்! முதலில் பாலை ஓரமாக ஒதுக்கினேன். எதிரே உட்கார்ந்திருந்த தாத்தா என் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்ததால் குடித்து முடித்தேன்.

நேரடி இந்திய வழியும் ஒன்று உண்டு. வைஸ்ராய் ஹார்டிஞ்ச் பிரபு மீது குண்டு வீசிய வழக்கில் தேடப்பட்ட ராஷ் பிஹாரி போஸ் 1915இல் ஜப்பானுக்குத் தப்பி வந்தார். டோக்கியோவின் ஷின்ஜுகுவில் நகமுராயா என்ற பேக்கரி வைத்திருந்த குடும்பம் அவரை ஒளித்துவைத்தது, அந்த வீட்டு மகளையே மணந்தார். 1927இல் அந்தக் கடை உணவகம் திறந்தபோது, எலும்போடு கோழி போட்டு இவர் சொல்லிக்கொடுத்த வங்காளக் குழம்பு பட்டியலில் ஏறியது, இன்னும் கிடைக்கிறது. இதே போஸ்தான் 1943இல் சிங்கப்பூரில் இந்திய சுதந்திர லீக் தலைமையைச் சுபாஷிடம் ஒப்படைத்தவர். மலாயாத் தோட்டங்களிலிருந்து ஐ.என்.ஏ.வில் சேர்ந்த தாத்தாக்கள் நம் பக்கம் எத்தனையோ குடும்பங்களில் உண்டு. அந்தத் தலைவர் ஒரு குழம்புக்கும் சொந்தக்காரர் என்பது எனக்கு இங்கே வந்துதான் தெரியும்.

ராமென் என்ற நூடுல்ஸ் சூப்பின் கதையையும் எழுத ஆசை. சீனச் சமையல்காரர்கள், 1910இல் அசகுசாவில் ராய்ராய்கென் கடை, 1958இல் மோமோஃபுகு ஆண்டோவின் உடனடி நூடுல்ஸ் என்று அது நீண்டுகொண்டே போகும். வேண்டாம், கை வலிக்கிறது.

லண்டன்

எல்லாம் சரி, ஆனால் 'இந்தத் தேதியில் இன்னார் கண்டுபிடித்தார்' என்ற கதைகளில் பாதியை நான் நம்புவதில்லை. இங்கே மீன் வறுவலும் சிப்ஸும் இருக்கிறதே, முதல் கடை 1860 வாக்கில் லண்டன் கிழக்குப் பகுதியில் ஜோசப் மாலின் என்ற யூதர் வைத்தது என்று ஒரு கட்சி. 1863 வாக்கில் லங்காஷயர் பக்கம் மோஸ்லியில் ஜான் லீஸ் வைத்தது என்று இன்னொரு கட்சி. மீனை மாவில் தோய்த்துப் பொரிக்கும் பழக்கத்தை ஸ்பெயின், போர்ச்சுகல் யூதர்கள் அதற்கு நெடுங்காலம் முன்பே கொண்டுவந்துவிட்டார்கள். பீட்சா மார்கரீட்டாவும் இப்படித்தான். 1889இல் இத்தாலி ராணி மார்கரீட்டாவுக்காக ரஃபாயேலே எஸ்போசிதோ செய்தார் என்பார்கள். தக்காளி, மொஸரெல்லா சீஸ், பேசில் இலை போட்ட பீட்சா நேப்பிள்ஸில் அதற்கு முன்பே விற்றுக்கொண்டிருந்தது. ஏழைகள் தெருவில் வாங்கித் தின்றதை எழுதிவைக்க ஆள் இல்லை, ராணி தின்றதும் எழுதிவிட்டார்கள். எனக்குப் பிடித்த கதை வேறு. இரண்டாம் உலகப்போரில் இங்கே இறைச்சி, வெண்ணெய், சர்க்கரை எல்லாவற்றுக்கும் ரேஷன் வந்தது, மீனுக்கும் சிப்ஸுக்கும் மட்டும் கடைசிவரை வரவில்லை. கைவைத்தால் ஜனங்கள் சும்மா விடமாட்டார்கள் என்று அரசாங்கத்துக்கே தெரிந்திருக்கிறது.

தூத்துக்குடி

நான் கப்பல்காரன். காக்கிநாடாவில் அரிசி மூட்டை ஏற்றி மேற்கு ஆப்பிரிக்கா போகும் சரக்குக் கப்பல்களில் இருந்திருக்கிறேன். செனகல் நாட்டு டக்கார் துறைமுகத்தில் இறங்கிய சரக்கு என்ன தெரியுமா? நொய்யரிசி. நாம் கஞ்சிக்கும் கோழிக்கும் போடுகிற குருணை. முழு அரிசி வாங்க வக்கில்லாமல் இதை வாங்குகிறார்கள் போல என்று எங்கள் ஆட்களில் ஒருவன் சொன்னான். துறைமுக ஏஜென்ட் தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிப்போனபோது விஷயம் தெரிந்தது, அவர்களுக்கு நொய்தான் உசத்தி.

சாப்பாட்டுப் பெயர் செபு ஜென். மீனைக் கீறி, பூண்டு, மிளகாய், பார்ஸ்லி இடித்த விழுதை உள்ளே அடைத்துப் பொரிக்கிறார்கள். அந்த எண்ணெயிலேயே தக்காளி விழுது, காரட், முட்டைக்கோஸ், கத்தரிக்காய், மரவள்ளிக்கிழங்கு போட்டுக் கொதிக்கவிட்டு, புளி சேர்க்கிறார்கள். ஊறவைத்து உலர்த்திய மீன் துண்டு ஒன்று உள்ளே போகும். மூடியைத் திறந்ததும் கருவாட்டு வாசனை. எனக்கு அங்கேயே பசி இரட்டிப்பாகிவிட்டது. கடைசியில் மீனையும் காயையும் எடுத்துவிட்டு அந்தச் சாற்றில் நொய்யை வேகவைப்பார்கள். முழு அரிசி இவ்வளவு சாற்றைக் குடிக்காது. ஒரே பெரிய தாம்பாளத்தைச் சுற்றி எல்லோரும் உட்கார வேண்டும், அவரவர் முன்னால் இருக்கும் பங்கைத் தாண்டிக் கை போகக் கூடாது. வீட்டுக்கார அம்மா நடுவில் இருக்கும் மீனைப் பிய்த்து விருந்தாளி பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தார். அடிப்பிடித்த சோற்றைச் சுரண்டித் தனியாக வைத்தார்கள், அதற்குப் போட்டியே நடந்தது.

செயின்ட் லூயி என்ற கடற்கரை ஊர்தான் இதன் பிறப்பிடம். பிரெஞ்சுக்காரர்கள் ஆட்சியில் செனகல் நிலத்தையெல்லாம் நிலக்கடலைக்குத் திருப்பிவிட்டு, சாப்பாட்டுக்குத் தங்கள் இன்னொரு காலனியான இந்தோசீனாவிலிருந்து நொய்யைக் கொண்டுவந்து இறக்கினார்கள். ஆலையில் உடைந்து மிஞ்சிய அரிசி, விலை மலிவு. மலிவென்று தலையில் கட்டியதை அந்தப் பெண்கள் இப்படி ஆக்கிவிட்டார்கள். 2021இல் யுனெஸ்கோ இதைப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

2022 செப்டம்பரில் இந்திய அரசு நொய் ஏற்றுமதிக்குத் தடை போட்டபோது இங்கே யாரும் பெரிதாகப் பேசவில்லை. எனக்கு அந்த ஏஜென்ட் வீட்டு அம்மா ஞாபகம்தான் வந்தது. மறு ஆண்டு செனகல் உள்படச் சில நாடுகளுக்குத் தனி அனுமதி கொடுத்து மூட்டைகள் போயின.