ஆல்பத்தை முழுதாகக் கேட்க வேண்டுமா, பிடித்ததை மட்டும் பொறுக்கினால் போதாதா?

கேசட் காலம்:
இளையராஜாவின் 'திருவாசகம்' (2005) மறுபடியும் பிடித்துக்கொண்டது. ஆறே பாடல்கள். முதல் பாட்டில் தொடங்கிக் கடைசிப் பாட்டு வரை, இடையில் எழுந்து போகாமல் கேட்கிறேன். 'பொல்லா வினையேன்' மட்டுமே ஏறக்குறைய இருபது நிமிடம். சிவபுராணத்து வரிகள், புடாபெஸ்ட் ஆர்கெஸ்ட்ரா, நடுவே ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ் எழுதிய ஆங்கில வரிகள், எல்லாம் ஒரே பாட்டுக்குள். இதைப் போய்த் துண்டு துண்டாகக் கேட்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. சரி, நீங்கள் எல்லாம் இப்போது எந்த ஆல்பத்தில் இருக்கிறீர்கள்? ஏன் பிடிக்கிறது என்றும் எழுதுங்கள்.

ஷஃபிள்:
அந்தப் பாவப்பட்ட ஜென்மம் நான்தான் அண்ணா. அந்த ஆல்பத்தில் 'புற்றில் வாழ் அரவும் அஞ்சேன்' ஒன்றுதான் என் போனில் இருக்கிறது. 'பொல்லா வினையேன்' பாட்டில் ஆங்கிலம் நுழைந்ததும் எனக்கு மாணிக்கவாசகர் கிளம்பிப் போய்விடுகிறார். நன்றாக இருப்பதை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவதில் என்ன தப்பு? இப்போது ஓடிக்கொண்டிருப்பது நானே போட்ட பட்டியல்: 'அலைபாயுதே'யில் இரண்டு, ஜாஸ் டிரம்பெட்காரர் மைல்ஸ் டேவிஸின் 'ஸோ வாட்', இந்திய இசையையும் ஜாஸையும் கலந்த சக்தி குழுவின் பழைய ஆல்பத்திலிருந்து 'லோட்டஸ் ஃபீட்'. இந்த வரிசை எந்தக் கம்பெனிக்கும் தோன்றியிருக்காது.

கேசட் காலம்:
தம்பி, வரிசையே பொருள் சொல்லும் ஆல்பங்களும் உண்டு. 1986-இல் வந்த ராஜாவின் 'ஹௌ டு நேம் இட்' எடுத்துக்கொள். தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசைமேதை பாக்குக்கும் சமர்ப்பணம் செய்த ஆல்பம். அதில் ஒரு உருப்படிக்குப் பெயர் 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்'. அடுத்ததற்குப் பெயர் 'அண்ட் வீ ஹேட் எ டாக்'. பாக்கை வீட்டில் சந்தித்தேன், அப்புறம் பேசிக்கொண்டிருந்தோம். முதலாவதில் பாக் தனி வயலினுக்கு எழுதிய பார்ட்டிட்டாவை வைத்துக்கொண்டு வி.எஸ். நரசிம்மன் வில்லை எடுத்துப் பறக்கிறார். அந்த ஓட்டம் காதில் இருக்கும்போதே அடுத்தது வர வேண்டும். உன் ஷஃபிள் அங்கே ஒரு டூயட்டைச் சொருகினால் வீட்டுக்கு வந்த விருந்தாளியை வாசலிலேயே நிறுத்திவைத்த கதைதான்.

ஷஃபிள்:
அதே ஆல்பத்தைத்தானே பாலு மகேந்திரா வெட்டி எடுத்து 'வீடு' படத்துக்குப் பின்னணியாக வைத்தார்? கட்டி முடியாத அந்த வீட்டையும் நரசிம்மனின் வயலினையும் இப்போது யாராலும் பிரிக்க முடியாது. துண்டாக்கியதால் அந்த இசை கெட்டுப்போய்விட்டதா என்ன?

இன்னொன்று. ஆல்பம் ஆல்பம் என்று இன்றைக்கு உருகுகிறோமே, தமிழ்நாட்டில் யார் ஆல்பமாகக் கேட்டார்கள்? கேசட்டின் ஒரு பக்கம் ஒரு படம், மறுபக்கம் சம்பந்தமே இல்லாத வேறொரு படம். அதுவும் வேண்டாம் என்றால் ஒரு வெள்ளைத்தாளில் பாட்டுப் பட்டியல் எழுதி, டிடிகே வெற்றுக் கேசட், அறுபது நிமிடமோ தொண்ணூறு நிமிடமோ, ஒன்று வாங்கிக்கொண்டு ரெக்கார்டிங் கடைக்குப் போவோம். மூன்றாம் நாள் போனால் பதிந்து வைத்திருப்பார்கள். கடைசியில் இரண்டு நிமிட டேப் மிச்சமிருந்தால் கடைக்காரர் தன் ரசனைக்கு ஏதாவது ஒரு வாத்திய இசையைப் போட்டு நிரப்பியிருப்பார். 'ஹௌ டு நேம் இட்' எனக்கு முதலில் அறிமுகமானதே அப்படித்தான், பக்கத்தின் வாலில் ஒட்டிக்கொண்டு. உங்கள் பெயரே கேசட் காலம், உங்களுக்குத் தெரியாததா? நாமெல்லாம் பிறவியிலேயே ஷஃபிள் அண்ணா.

சுருதிப்பெட்டி:
சினிமாவை வைத்து மட்டும் பேசினால் எப்படி? கச்சேரி கேட்பவர்கள் பக்கமும் கொஞ்சம் வாருங்கள். 78 சுழற்சி இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம், கொஞ்சம் இழுத்தால் நான்கு. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை கோயில் வீதியில் மணிக்கணக்கில் வாசித்த தோடியை அதற்குள் மடித்து வைக்க வேண்டியிருந்தது. எல்.பி. என்ற நீண்ட நேர இசைத்தட்டு வந்ததும் ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் கிடைத்தது. எம்.எஸ். அம்மாவின் 'வெங்கடேச சுப்ரபாதம்' 1963-இல் எல்.பி.யாக வந்தது. அதை மூன்று நிமிடமாக நறுக்கிக் கேட்கச் சொன்னால் விடியற்காலையில் யாராவது சம்மதிப்பார்களா? ஆகவே ஆல்பம் என்பதைக் கம்பெனி கட்டிய மூட்டை என்று ஒரேயடியாகத் தள்ளாதீர்கள். மூன்று நிமிடக் கட்டுப்பாடு தளர்ந்ததால்தான் சில இசைக்கு மூச்சே கிடைத்தது.

நான் இப்போது கேட்பது அந்தப் பழைய சக்தி குழுவின் முதல் ஆல்பம், வெளிவந்தது 1976. நியூயார்க் பக்கம் லாங் ஐலண்டில் ஒரு கல்லூரியில் 1975-இல் நடந்த கச்சேரியின் பதிவு. மூன்றே உருப்படிகள். கிடாரில் ஜான் மெக்லாக்லின், வயலினில் எல். சங்கர், தபேலாவில் ஜாகிர் ஹுசைன், கடத்தில் விக்கு விநாயக்ராம், மிருதங்கத்தில் ராம்நாட் ராகவன். ஷஃபிள் எடுத்துக்கொண்ட 'லோட்டஸ் ஃபீட்' அதில் ஐந்து நிமிடத்துக்கும் குறைவு. முன்னால் 'ஜாய்' பதினெட்டு நிமிடம், பின்னால் இன்னொன்று அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைச்சல். நடுவில் எல்லோரும் இளைப்பாறும் இடம் அது. ஓடாமலே இளைப்பாறுகிறீர்கள் நீங்கள்.

வடமராட்சி:
வணக்கம். நான் ஒரு மூலையில் இருந்து வாசித்துக்கொண்டிருந்தேன், ஆனால் இதைச் சொல்லாமல் இருக்கேலாது. அமெரிக்கக் கிடார் கலைஞர் ரை கூடரும், கிடாரில் இந்துஸ்தானி வாசிக்கிற விஸ்வ மோகன் பட்டும் சேர்ந்து செய்த 'எ மீட்டிங் பை த ரிவர்' (1993). கனகாலமாக இந்த இறுவட்டு என்னட்ட இருக்கு, இந்தக் கிழமை திரும்பவும் வடிவாகக் கேட்டேன். நாலு உருப்படி. பதிவுக்கு அரை மணித்தியாலம் முன்னர்தான் இருவரும் முதன்முதலாகச் சந்தித்தார்கள். கலிபோர்னியாவில் ஒரு தேவாலயத்துக்குள் பதிந்தது. பதிந்தவர் கவிச்சந்திரன் அலெக்சாண்டர், இலங்கையில் பிறந்தவர், வாட்டர் லில்லி அக்கூஸ்டிக்ஸ் அவருடைய நிறுவனம். பழைய வால்வு வைத்த ஒலிப்பதிவுக் கருவிகள், மிகக் குறைந்த மைக்குகள், பிறகு கலந்து சரிசெய்கிற வேலை இல்லை. கிராமி விருதும் கிடைத்தது.

முதல் உருப்படியில் ஒருவர் மற்றவரை வேவு பார்க்கிற மாதிரி இருக்கும். மூன்றாவதான 'கேஞ்சஸ் டெல்டா ப்ளூஸ்' வரும்போது தபேலாவும், கூடரின் பதினான்கு வயது மகன் தட்டுகிற தும்பக் என்ற அரபு மேளமும் சேர்ந்து ஆளை இழுத்துக்கொண்டு போகும். அறிமுகம் இல்லாத இரண்டு பேர் சிநேகிதர் ஆகிறதைக் கேட்க வேண்டுமென்றால் முதலில் இருந்துதான் கேட்க வேண்டும், ஷஃபிள் தம்பி.

ஷஃபிள்:
அண்ணை, இதை இன்றிரவே கேட்கிறேன். முதலிலிருந்தே. ஆனால் வாதத்தை விடமாட்டேன்.

ஆல்பம் புனிதம் என்பவர்களுக்கு ஒரு கேள்வி. 'ஸோ வாட்' இருக்கும் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ' ஆல்பம் 1959-இல் வந்தது. மார்ச் மாதப் பதிவின்போது பிரதான டேப் இயந்திரம் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது. அதனால் சரியான வேகத்தில் ஓட்டியபோது முதல் பக்கத்து மூன்று உருப்படிகளும் சுருதி கூடிப்போய் ஒலித்தன. மாற்றுக்கென்று வைத்திருந்த இரண்டாவது இயந்திரத்தின் டேப்பைத் தேடி எடுத்துத் திருத்தி வெளியிட்டது 1992-இல்தான். முப்பது வருடத்துக்கு மேல் உலகமே கையெடுத்துக் கும்பிட்டது அவர்கள் வாசிக்காத சுருதியை! அதுவும் முழுதாக, வரிசையாக, விளக்கை அணைத்துவிட்டு.

சுருதிப்பெட்டி:
நல்ல குத்து. ஆனால் அது வேகத்தில் நேர்ந்த பிழை, வரிசையில் இல்லையே. உங்கள் கட்சிக்கு உண்மையில் உதவுவது ஜாஸ் பியானோக்காரர் கீத் ஜாரெட் ஜெர்மனியின் கோல்ன் நகரில் வாசித்த கச்சேரி, நானே எடுத்துக் கொடுக்கிறேன். 1975 ஜனவரி 24. கேட்ட பியானோ வரவில்லை, மேல் ஸ்தாயி சத்தமே எழும்பாத ஒரு சின்னப் பியானோ. மனிதர் நடு ஸ்தாயியிலேயே நின்று, இடது கையால் ஒரே தாளக்கட்டைச் சுழற்றிச் சுழற்றி வாசித்தார். இரண்டாம் பகுதி ஒரு எல்.பி. பக்கத்துக்குள் அடங்கவில்லை, வெட்டி இரண்டு பக்கமாகப் போட்டார்கள். அங்கே கேட்பவர் எழுந்து தட்டைத் திருப்பவோ மாற்றவோ வேண்டும். இப்படிப்பட்ட வெட்டைக் கம்பெனியின் வெட்டு என்று நானும் ஒத்துக்கொள்வேன்.

கேசட் காலம்:
என் கட்சிக்காரரே எதிர்க்கட்சிக்கு ஆயுதம் சப்ளை செய்தால் எப்படி சார்!

சுருதிப்பெட்டி:
உள்ளதைச் சொன்னேன். எனக்கு உங்கள் இரண்டு கட்சியும் வேண்டாம். 2023-இல் வந்த சக்தியின் 'திஸ் மொமென்ட்' பாருங்கள். 46 வருடத்துக்குப் பிறகு வந்த ஸ்டுடியோ ஆல்பம், விக்குவின் மகன் செல்வகணேஷ் அதில் இருக்கிறார், கிராமியும் வாங்கியது. ஆனால் ஆளுக்கொரு ஊரில் இருந்து பதிந்து கோத்தது. எவ்வளவு வரிசையாகக் கேட்டாலும் 1975-இல் ஒரே மேடையில் உட்கார்ந்தவர்களின் சூடு எனக்கு அதில் கிடைக்கவில்லை. என் அளவுகோல் அதுதான்: சேர்ந்து உட்கார்ந்து வாசித்தார்களா? வாசித்திருந்தால் முழுதாகக் கேட்பேன். இல்லையென்றால் பிடித்ததைப் பொறுக்கிக்கொள்ளலாம்.

ஷஃபிள்:
அப்படிப் பார்த்தால் 'அலைபாயுதே'யை நான் தாராளமாகப் பொறுக்கலாம். ரஹ்மான் தடம் தடமாகப் பதிந்து அடுக்கும் ஆள். தீர்ப்புக்கு நன்றி ஐயா.

கேசட் காலம்:
அது தீர்ப்பு இல்லை, அவருடைய அபிப்பிராயம். ஜாகிர் ஹுசைன் 2024 டிசம்பரில் போய்ச் சேர்ந்த பிறகு 'திஸ் மொமென்ட்' ஆல்பத்தை என்னால் நடுவில் நிறுத்த முடிவதில்லை. எங்கே பதிந்தார்கள் என்பது எனக்குப் பொருட்டே இல்லை.

வடமராட்சி:
ஷஃபிள் தம்பி, கேட்டாச்சா? கடைசி உருப்படி 'ஈசா லேய்' பிஜித் தீவுக்காரரின் பிரியாவிடைப் பாட்டு. அதை முதலில் போட்டுவிடாதேயும்.

ஷஃபிள்:
இரண்டாவதில் இருக்கிறேன் அண்ணை. யாரும் இப்போது போன் செய்யாதீர்கள்.